ஒரே பிரவுசரில் நான்கு பேராக லாகின் செய்து வைக்க முடியுமா?

நூல்கண்டு (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கொள்முதல் அப்ளிகேஷன் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்டோர்காரர் இன்டென்ட் (பொருள் தேவைக் கோரிக்கை) போடுவார், மெர்ச்சண்டைசர் அதை ஆர்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், பர்ச்சேஸ் மேனேஜர் ஒப்புதல் கொடுப்பார், கடைசியில் அக்கவுன்ட்ஸுக்குப் போகும். நான்கு பேர், நான்கு லாகின். ஒரு இன்டென்ட் ஒழுங்காக நகர்கிறதா என்று பார்க்க நான் ஒருவனே நான்கு பேராகவும் மாற வேண்டியிருக்கிறது. லாகின், லாக்அவுட், மறுபடி லாகின் என்று ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவையாவது பாஸ்வேர்டு அடிக்கிறேன்.

நான்கு டேப் திறந்து நான்கு பேராக உள்ளே போகலாம் என்று பார்த்தால், இரண்டாவது டேபில் லாகின் செய்த உடனே முதல் டேபும் அந்த ஆளாகவே மாறிவிடுகிறது. இன்காக்னிட்டோவில் ஒரு ஆள் கூடுதலாகக் கிடைத்தார். மூன்றாவது ஆளுக்காக இன்னொரு இன்காக்னிட்டோ விண்டோ திறந்தேன், அதுவும் முதல் இன்காக்னிட்டோவில் இருந்தவராகவே வந்து நின்றது. இப்போதைக்கு குரோமில் ஒருவர், எட்ஜில் ஒருவர், ஃபயர்பாக்ஸில் ஒருவர், இன்காக்னிட்டோவில் ஒருவர் என்று ஓட்டுகிறேன். எது யார் என்று மதியத்துக்கு மேல் எனக்கே நினைவில் இருப்பதில்லை.

நான் எழுத உண்மையான காரணம் போன வியாழக்கிழமை நடந்தது. முதலாளிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு டேபில் ஸ்டோர்காரராக இன்டென்ட் படிவத்தை நிரப்பினேன், 30-ஆம் நம்பர் நூல் 340 கிலோ. சேமிக்கும் முன்பு, மேனேஜருக்கு இது எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். சரி, பக்கத்து டேபில் மேனேஜராக உள்ளே போய்க் காட்டிவிட்டு, பழைய டேபுக்கு வந்து சேமி பட்டனை அழுத்தினேன். திரையின் மேல் மூலையில் அப்போதும் ஸ்டோர்காரர் பெயர்தான் இருந்தது. ஆனால் டேட்டாபேஸில் இன்டென்ட் மேனேஜர் பெயரில் பதிவாகிவிட்டது. மேனேஜரே போடும் இன்டென்ட்டுக்குத் தனியாக ஒப்புதல் தேவையில்லை என்பது அவர்கள் விதி, அதனால் அது நேராக அக்கவுன்ட்ஸ் பட்டியலில் போய் உட்கார்ந்தது. முதலாளி திரையைப் பார்த்து, "இத யாருப்பா போட்டது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சர்வரில் ஓடும் பின்பக்கம் ஸ்பிரிங் பூட், 8080 போர்ட் (ஒரே மெஷினில் அப்ளிகேஷன்களைப் பிரித்துக் காட்டும் எண்). பிரவுசரில் ஓடும் முன்பக்கம் ரியாக்ட், 3000. செஷன் குக்கீதான், அதாவது லாகின் செய்தவர் யார் என்று அடையாளம் காண சர்வர் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு. சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (வெளித் தளத்திலிருந்து வரும் கள்ளக் கோரிக்கையைத் தடுக்கும் ரகசியக் குறி) வைத்திருக்கிறேன், குக்கீயில் வரும் டோக்கனை ஜாவாஸ்கிரிப்ட் படித்து கோரிக்கையின் தலைப்பகுதியான ஹெடரில் அனுப்பும். இன்னொரு விநோதமும் உண்டு. இதே மெஷினில் 8081-இல் வருகைப்பதிவு அப்ளிகேஷன் ஓடுகிறது, அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் அதில் லாகின் செய்தால் இதிலிருந்து என்னை வெளியே தள்ளிவிடுகிறது.

கேட்க வேண்டியது இரண்டு. சோதனைக்காக நான்கு பேரையும் ஒரே பிரவுசரில் வைத்துக்கொள்ள வழி என்ன? வியாழக்கிழமை நடந்தது பிரவுசரின் வேலையா, என் கோடில் உள்ள ஓட்டையா?

வேப்பமரம்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், இரண்டாவதை பின்பக்கம் எழுதுகிறவர்கள் பார்க்கட்டும்.

குக்கீ என்ற ஏற்பாட்டை 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி செய்தார். அந்தப் பிரவுசரில் டேப் என்ற ஒன்றே கிடையாது. ஒரு மெஷின், ஒரு பிரவுசர், அதன் முன்னால் ஒரு ஆள், அவ்வளவுதான் கணக்கு. டேப் பிறகு வந்தது, ஆனால் குக்கீயின் விதி மாறவில்லை. இன்றைக்கும் பிரவுசர் ஒரு குக்கீயைப் பெயர், டொமைன் (தள முகவரி), பாத் (அதற்குள் உள்ள வழி) இந்த மூன்றையும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. எந்த டேபிலிருந்து வந்தது என்ற கேள்வியே அங்கே இல்லை. நீங்கள் இரண்டாவது டேபில் லாகின் செய்யும்போது சர்வர் அதே பெயரில் புதுக் குக்கீ தருகிறது, பழையதன் மேல் அது எழுதப்படுகிறது. முதல் டேபில் மேனேஜர் "நுழைந்தார்" என்று நினைக்காதீர்கள். ஸ்டோர்காரரின் சாவி போய்விட்டது, திரையில் நின்றது பழைய படம்.

இன்காக்னிட்டோவும் அப்படித்தான். குரோமில் எத்தனை இன்காக்னிட்டோ விண்டோ திறந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டப்பா. ஃபயர்பாக்ஸின் பிரைவேட் விண்டோவும் அதே கதை. சஃபாரி மட்டும் பிரைவேட் விண்டோவில் ஒவ்வொரு டேபையும் தனியாக வைக்கிறது, மேக் இருந்தால் முயன்று பாருங்கள்.

உங்கள் வேலைக்கு ஃபயர்பாக்ஸின் மல்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்ற ஆட்ஆன் போதும். மொஸில்லாவே 2017-இல் வெளியிட்டது, இலவசம். வீட்டில் அஞ்சறைப்பெட்டி பார்த்திருப்பீர்களே, வெளியே ஒரே டப்பா, உள்ளே கடுகும் சீரகமும் கலப்பதில்லை. அதே மாதிரி ஒரே விண்டோவில் அடுத்தடுத்த டேப்கள் வேறு வேறு கன்டெய்னரில் இருக்கும், குக்கீயும் லோக்கல் ஸ்டோரேஜும் (தளம் பிரவுசரில் தகவல் சேமிக்கும் இடம்) தனித்தனி. போட்டவுடன் பர்சனல், வொர்க், பேங்கிங், ஷாப்பிங் என்று நான்கு வரும். அவற்றை விட்டுவிட்டு ஸ்டோர், மெர்ச்சண்டைசர், மேனேஜர், அக்கவுன்ட்ஸ் என்று உங்கள் பெயரிலேயே நான்கு உண்டாக்கி ஆளுக்கு ஒரு நிறம் கொடுங்கள். புது டேபுக்கான கூட்டல் குறியை அழுத்திப் பிடித்தால் எந்தக் கன்டெய்னரில் திறக்க என்று கேட்கும். டேபின் மேல் அந்த நிறத்தில் ஒரு கோடு ஓடும், முகவரிப் பட்டையிலும் பெயர் தெரியும். மதியத்துக்கு மேல் மறந்துபோகும் சிக்கல் அதோடு தீர்ந்தது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் ஹிஸ்டரியும் புக்மார்க்கும் எல்லாக் கன்டெய்னருக்கும் பொது. அதனால் மேனேஜர் டேபில் ஸ்டோர்காரர் பாஸ்வேர்டை பிரவுசர் தானாக நிரப்பி வைத்திருக்கும், பார்க்காமல் என்டர் தட்டினால் பச்சை டேபில் ஆரஞ்சு ஆள் உட்கார்ந்திருப்பார். சோதனைக் கணக்குகளுக்குப் பாஸ்வேர்டைச் சேமிக்காமல் விடுவதே நல்லது.

குரோமை விட முடியாது என்றால் புரொஃபைல். மேல் மூலையில் உள்ள வட்டத்தை அழுத்திப் புது புரொஃபைல் சேர்த்தால் குக்கீ, பாஸ்வேர்டு, எக்ஸ்டென்ஷன் எல்லாமே தனி. கூகுள் கணக்கு கேட்டால் கணக்கு இல்லாமலே தொடரலாம். புரொஃபைலுக்கு ஒரு விண்டோ என்று ஆகும், டேபாக அடுத்தடுத்து வைக்க முடியாது, மெமரியும் கொஞ்சம் கூட வாங்கும். முதலாளிக்குக் காட்டும்போது எனக்குப் பிடித்தது இதுதான். நான்கு விண்டோவுக்கும் நான்கு தீம் நிறம் வைத்து திரையை நான்காகப் பிரித்து வைத்தால், ஒரு மூலையில் போட்ட இன்டென்ட் அடுத்த மூலையில் வந்து நிற்பதை அவரே கண்ணால் பார்ப்பார்.

இதையெல்லாம் செய்து தருகிறோம் என்று சொல்லும் வேறு எக்ஸ்டென்ஷன்கள் குரோம் கடையில் கிடைக்கும். அவை வேலை செய்ய நீங்கள் போகும் எல்லாத் தளத்தின் குக்கீயையும் படிக்கும் உரிமை கேட்கும். வாடிக்கையாளரின் சர்வரில் லாகின் ஆகும் மெஷினில் நான் அதைப் போட மாட்டேன்.

பின்னிரவு நிரலர்

அந்த 8081 விநோதத்துக்கு விடை: குக்கீக்கு போர்ட் தெரியாது. லோக்கல் ஸ்டோரேஜ் போர்ட்டைப் பார்க்கும், 3000-உம் 8080-உம் அதற்கு வேறு வேறு வீடு. குக்கீக்கு இரண்டும் ஒரே லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் சொந்த மெஷினைக் குறிக்கும் பெயர்). 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6265 என்ற குக்கீ விதி ஆவணம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது, போர்ட் வேறாக இருப்பதால் குக்கீ தனியாக இருக்கும் என்று நம்பாதீர்கள் என்று. உங்கள் இரண்டு அப்ளிகேஷனும் டாம்கேட் என்ற ஜாவா சர்வர் மேல் ஓடுகிறது, இரண்டும் ஜேசெஷன்ஐடி என்ற ஒரே பெயரில் குக்கீ தருகின்றன, இரண்டின் பாத்தும் வெறும் சாய்கோடு. அதில் லாகின் செய்தால் இதன் குக்கீ அடிபடும். ஸ்பிரிங் பூட்டில் செஷன் குக்கீயின் பெயரை மாற்ற ஒரு வரி போதும். ஒன்றை இன்டென்ட் என்றும் மற்றதை அட்டென்டன்ஸ் என்றும் வையுங்கள், சண்டை நின்றுவிடும். பிஎச்பியில் எழுதுகிறவர்களுக்கும் இதே தொல்லை வரும், அங்கே பெயர் பிஎச்பிசெஸ்ஐடி.

இந்த அறிவை வைத்தே உங்கள் முதல் கேள்விக்கு இன்னொரு வழி இருக்கிறது, எந்த ஆட்ஆனும் வேண்டாம். குக்கீ போர்ட்டைப் பார்க்காது, ஆனால் ஹோஸ்ட் பெயரைப் பார்க்கும். லோக்கல்ஹோஸ்ட் என்று மட்டும் அடிக்காமல் ஸ்டோர், ஒரு புள்ளி, பிறகு லோக்கல்ஹோஸ்ட் (store.localhost) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். குரோமும் ஃபயர்பாக்ஸும் இப்படிப்பட்ட பெயர் எதுவானாலும் உங்கள் மெஷினுக்கே திருப்பிவிடும், எந்தப் பெயர் எந்த மெஷின் என்று எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கை வைக்க வேண்டியதில்லை. ஸ்டோர் என்று ஒரு டேப், மேனேஜர் என்று ஒரு டேப், அக்கவுன்ட்ஸ் என்று ஒரு டேப், சர்வர் ஒன்றே, குக்கீ தனித்தனி. முகவரியிலேயே ஆள் பெயர் இருப்பதால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும்போதும் யார் திரை என்று விளங்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் 127.0.0.2, 127.0.0.3 என்று எண்ணை மாற்றியும் இதையே செய்யலாம். மேக்கில் அந்த எண்களைத் தனியாகச் சேர்த்தால்தான் வரும், சஃபாரிக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பில் வரி எழுதிவிடுவது பாதுகாப்பு.

இது பலிக்க ஒரு நிபந்தனை: உங்கள் கோட் குக்கீக்கு டொமைன் என்று எதையும் குறிப்பிடக் கூடாது. குறிப்பிடாமல் விட்டால் கொடுத்த ஹோஸ்ட்டுக்கு மட்டும்தான் அந்தக் குக்கீ போகும். டெவ் சர்வரில் அனுமதிக்கப்பட்ட ஹோஸ்ட் பட்டியலும் சிஓஆர்எஸ் பட்டியலும் (வேறு முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கலாம் என்பது) இருந்தால் புதுப் பெயர்களை அங்கேயும் சேர்க்க வேண்டும். வெளி லாகின் சேவை வழியாக உள்ளே வரும் அப்ளிகேஷன் என்றால் திரும்பி வரும் முகவரியை ஒவ்வொன்றாகப் பதிய வேண்டிவரும், அந்த நிலையில் கன்டெய்னரே சுலபம்.

2009-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-இல் ஃபைல் மெனுவிலேயே புது செஷன் என்று ஒரு வரி இருந்தது, அழுத்தினால் தனிக் குக்கீயோடு ஒரு விண்டோ வரும். அந்தப் பிரவுசரில் எனக்குப் பிடித்த ஒன்று அது. இன்றைக்கு எந்தப் பிரவுசரும் அவ்வளவு நேரடியாகக் கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்தான்.

முக்குக்கடை கணினி மையம்

நான் நிரல் எழுதுகிறவன் இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான்கு சிஸ்டம் வைத்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். நூல்கண்டு எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது, ஏனென்றால் எங்கள் கடையில் இது நடந்திருக்கிறது, ஒரு பிள்ளையின் படிப்பு விஷயத்தில்.

கல்லூரி சேர்க்கை சமயம். ஒரு பொண்ணுக்கு விருப்பப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம், பதினொன்றோ பன்னிரண்டோ கல்லூரி, அவர்கள் வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு நோட்டில் வரிசையாக எழுதி எடுத்து வந்தது. பாதியில் அவளுடைய அப்பாவுக்கு ஒரு சந்தேகம், ஊரில் அண்ணனிடம் போனில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். வரிசையில் ஆள் நிற்கிறது. என் உதவியாளர் அதே பிரவுசரில் இன்னொரு டேப் திறந்து அடுத்த பையனுக்கு லாகின் செய்து ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிடத்தில் அப்பா திரும்பி வந்து "எல்லாம் சரிதான் சார், போட்டுடுங்க" என்றார். பழைய டேபுக்குப் போனால் அந்தப் பொண்ணு பெயர், பதிவு எண் எல்லாம் அப்படியே இருக்கிறது. சேமித்தோம். சேமிக்கப்பட்டது என்று பச்சையில் வந்தது. பிரிண்ட் எடுத்துக் கையில் வாங்கியபோதுதான் தெரிந்தது, மேலே அந்தப் பையன் பெயர், கீழே இந்தப் பொண்ணின் கல்லூரிகள்.

அன்று சாயங்காலமே இருவருக்கும் திருத்தி, இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்து வரி வரியாகப் படித்துக் காட்டி அனுப்பினோம். கடைசி நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். பிரிண்ட் எடுக்காமல் போயிருந்தால்?

அதற்குப் பிறகு என் கடையில் ஒரே விதி. ஒரு சிஸ்டத்தில் ஒரு பிள்ளை. அவர்கள் எழுந்து போனால் லாக்அவுட். குரோமில் கெஸ்ட் விண்டோதான் பயன்படுத்துகிறோம், வேலை முடிந்ததும் எல்லா கெஸ்ட் விண்டோவையும் மூடினால் குக்கீ, ஹிஸ்டரி ஒன்றும் மிஞ்சாது. ஒன்றை மூடி மற்றதைத் திறந்தே விட்டால் பழைய லாகின் அப்படியே இருக்கும், இதை உதவியாளர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கன்டெய்னர், போர்ட் எல்லாம் உங்களுக்குத் தெரியும். என் கடைக்கு வருகிற அப்பாவுக்குத் தெரியாது. திரையில் ஒரு பெயர் இருந்தால் அந்தப் பெயருக்குத்தான் போகும் என்று அவர் நம்புகிறார், நானும் நம்பினேன். தளம் செய்கிறவர்கள் இதற்கு ஏதாவது செய்ய முடியாதா? அதைத்தான் நான் இங்கே கேட்க வந்தேன்.

கருங்கல்

அண்ணா, செய்ய முடியும், செய்ய வேண்டும். நூல்கண்டின் இரண்டாவது கேள்விக்கும் உங்கள் கேள்விக்கும் விடை ஒன்றே. பிரவுசர் அதன் விதிப்படிதான் நடந்தது. ஓட்டை சர்வரில் இருக்கிறது.

சேமி என்று வரும் கோரிக்கையில் சர்வர் இப்போது ஒன்றைத்தான் பார்க்கிறது: குக்கீ யாருடையது. பார்க்காமல் விடுவது இன்னொன்று: இந்தப் பக்கம் யாருக்காகத் திறக்கப்பட்டது. பக்கத்தைக் கொடுக்கும்போதே பயனர் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள், மாற்றம் செய்யும் ஒவ்வொரு கோரிக்கையோடும் அந்த எண் ஒரு ஹெடரில் திரும்பி வரட்டும். சர்வரில் செஷனில் இருப்பவரும் ஹெடரில் வந்தவரும் ஒன்றா என்று ஒரு இடத்தில், எல்லாக் கோரிக்கைக்கும் பொதுவான ஃபில்டரில், ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் 409 (முரண்பாடு) என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பி, எதையும் சேமிக்காதீர்கள். அந்த எண்ணை வைத்து யாருக்கும் அனுமதி கொடுத்துவிடக் கூடாது, அது யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பக்கூடிய எண். அனுமதி எப்போதும் செஷனை வைத்துத்தான், இந்த எண் ஒப்பிட மட்டும்.

சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் இருந்தும் ஏன் பிடிபடவில்லை என்று நூல்கண்டு யோசித்திருப்பார். ஸ்பிரிங் செக்யூரிட்டியில் டோக்கனை செஷனில் வைத்து, படிவத்துக்குள் மறைவாக எழுதிக் கொடுக்கும் பழைய முறையில் இருந்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஸ்டோர்காரரின் படிவத்தில் பழைய டோக்கன், செஷன் மேனேஜருடையது, பொருந்தாது, 403 (அனுமதி இல்லை) வந்திருக்கும். நீங்கள் வைத்திருப்பது குக்கீயிலிருந்து படிக்கும் முறை. மேனேஜர் லாகின் ஆனதும் டோக்கன் குக்கீயும் மாறிவிட்டது. பழைய டேபில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் சேமி அழுத்திய நொடியில் புது டோக்கனைப் படித்து அனுப்பியிருக்கிறது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திப் போயிருக்கும். சிஎஸ்ஆர்எஃப் காவல் இருப்பது வெளித் தளத்திலிருந்து வரும் கோரிக்கையைத் தடுக்க, உள்ளே ஆள் மாறியதைச் சொல்ல அது வைக்கப்படவில்லை. செஷன் முறையில் அது தற்செயலாகக் கிடைக்கும் நன்மைதான், அதை நம்பிக் கட்டாதீர்கள்.

அடுத்தது லாகின் பக்கம். ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் லாகின் செய்ய வந்தால் சத்தமில்லாமல் மேலே எழுதாதீர்கள். இந்த பிரவுசரில் ஸ்டோர் கணக்கு திறந்திருக்கிறது, அதை மூடிவிட்டுத் தொடரவா என்று கேளுங்கள். அண்ணன் கடையில் இந்த ஒரு கேள்வி வந்திருந்தால் உதவியாளர் அங்கேயே நின்றிருப்பார்.

அதற்கு மேல் பிராட்காஸ்ட் சேனல் என்று ஒன்று பிரவுசரிலேயே இருக்கிறது. ஒரு டேபில் ஆள் மாறியதும் மற்ற டேப்களுக்கு ஒரு செய்தி போடலாம், அவை தங்கள் படிவத்தை மூடி ஒரு திரை போட்டுக்கொள்ளும். அழகாக இருக்கும், ஆனால் அதை மட்டும் வைத்து நிறுத்திவிடாதீர்கள். டேப் தூங்கிப் போயிருக்கலாம், செய்தி வராமல் போகலாம். சர்வர் ஒப்பீடு இருந்தால்தான் தூக்கம் வரும்.

மின்மினி

இவ்வளவு எதற்கு? குக்கீயையே விட்டுவிட்டு லாகின் டோக்கனை செஷன் ஸ்டோரேஜில் (டேபுக்கு டேப் தனியாகத் தகவல் சேமிக்கும் இடம்) வைத்தால் ஒவ்வொரு டேபும் தனி ஆள். அதுதான் டேபுக்கு டேப் வேறாக இருக்குமே. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கருங்கல்

செய்யலாம், சில அப்ளிகேஷனுக்கு அது பொருந்தும். விலையைத் தெரிந்து வாங்குங்கள். எச்டிடிபி ஒன்லி குக்கீயை ஜாவாஸ்கிரிப்ட் தொட முடியாது, செஷன் ஸ்டோரேஜில் இருப்பதைப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் எடுத்துக்கொண்டு போகலாம். வெளியாள் தன் ஸ்கிரிப்டைப் பக்கத்துக்குள் நுழைக்கும் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை ஒரே ஒன்று போதும். இன்டென்ட் எண்ணை அழுத்தி புது டேபில் திறந்தால் அங்கே லாகின் இருக்காது. 2021-இல் குரோம் 89-லிருந்து, திறந்த டேபோடு தொடர்பில்லாமல் திறக்கும் புது டேபுக்கு செஷன் ஸ்டோரேஜ் நகலாவதில்லை. ஆனால் டேபை டூப்ளிகேட் செய்தால் நகலாகும். பயனருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

செஷன் எண்ணை முகவரியிலேயே ஒட்டி அனுப்பும் பழைய ஜாவா பழக்கம் ஒன்று உண்டு, டேபுக்கு டேப் தனியாக இருக்கும் என்று அதையும் யாராவது சொல்வார்கள். அதை மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்டோர்காரர் "இதப் பாருங்க" என்று அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வாங்கியவர் ஸ்டோர்காரராகவே உள்ளே போய்விடுவார்.

ஒரே ஆள் உண்மையிலேயே பல கணக்கை ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டும் என்றால் ஜிமெயிலைப் பாருங்கள். 2010-இல் பல கணக்கு வசதி கொண்டுவந்தார்கள். முகவரியில் யூ, சாய்கோடு, 0 அல்லது 1 என்று வரும், அந்த எண் எந்தக் கணக்கு என்று சொல்லும். சாவி குக்கீயில்தான் இருக்கிறது, முகவரியில் இருப்பது எத்தனையாவது சாவி என்பது மட்டும். அந்த எண்ணை யாருக்கு அனுப்பினாலும் ஆபத்தில்லை. ஆனால் ஒவ்வொரு லிங்க்கிலும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அந்த எண்ணைத் தவறாமல் சுமந்து போக வேண்டும், ஒரு இடத்தில் விட்டால் முதல் கணக்குக்குப் போய்விடும். நான்கு பேர் நான்கு மெஷினில் உட்காரும் பனியன் கம்பெனிக்கு அது தேவையில்லாத பாரம்.

சோதனைச்சாலை

நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். கையால் பார்ப்பதற்கு மேலே சொன்னவை போதும். தினமும் ஓட்ட வேண்டிய சோதனைக்கு, பிரவுசரைத் தானாக இயக்கும் பிளேரைட் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பிரவுசரைத் திறந்து அதற்குள் எத்தனை கான்டெக்ஸ்ட் வேண்டுமானாலும் உண்டாக்கலாம், ஒவ்வொன்றுக்கும் குக்கீயும் ஸ்டோரேஜும் தனி, திறக்க நேரமே ஆகாது. நான்கு கான்டெக்ஸ்ட், நான்கு ஆள், ஒரே ஸ்கிரிப்டில் இன்டென்ட் போட்டு ஒப்புதல் வாங்கி அக்கவுன்ட்ஸ் வரை போய்விடலாம். லாகின் நிலையை ஒரு கோப்பில் சேமித்து அடுத்த முறை அதிலிருந்தே தொடங்கலாம். அந்தக் கோப்பில் இருப்பது உயிருள்ள குக்கீ, கோடைப் பகிர்ந்து வைக்கும் கிட்டில் ஏற்றிவிடாதீர்கள், இக்னோர் பட்டியலில் முதல் வேலையாகச் சேருங்கள்.

வியாழக்கிழமை நடந்ததையும் ஒரு சோதனையாக எழுதிவிடுங்கள். அதற்கு மட்டும் ஒரே கான்டெக்ஸ்ட், இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஸ்டோராக படிவத்தை நிரப்பி, இரண்டாவதில் மேனேஜராக லாகின், திரும்பி முதல் பக்கத்தில் சேமி. 409 வந்தால்தான் பச்சை.

நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி. செய்ததை எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

குக்கீ பெயரை மாற்றினேன், வருகைப்பதிவு தொல்லை ஐந்து நிமிடத்தில் போயிற்று. என் மெஷினில் லோக்கல்ஹோஸ்ட் முன்பெயர் முறை, கம்பெனியின் சோதனை சர்வருக்கு ஃபயர்பாக்ஸ் கன்டெய்னர். ஸ்டோருக்கு ஆரஞ்சு, மேனேஜருக்குப் பச்சை. வேப்பமரம் எச்சரித்த பாஸ்வேர்டு விஷயத்தில் முதல் நாளே மாட்டினேன், இப்போது சேமிப்பதை நிறுத்திவிட்டேன்.

சர்வரில் ஃபில்டர் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சோதனைச்சாலை சொன்ன சோதனையை எழுதி ஓட்டியதில் இன்னொன்று வெளியே வந்தது. இன்டென்ட் படிவம் முப்பது நொடிக்கு ஒரு முறை தானாக டிராஃப்ட் சேமிக்கும், அப்படி நானே வைத்தது. அந்தக் கோரிக்கை தனி வழியாகப் போனதால் ஹெடர் இல்லாமல் போயிருக்கிறது. அதாவது, வியாழக்கிழமை நான் சேமி பட்டனை அழுத்தாமல் இருந்திருந்தாலும், பழைய டேப் சும்மா திறந்து கிடந்தபடியே ஸ்டோர்காரரின் 340 கிலோ நூலை மேனேஜரின் டிராஃப்டில் எழுதிக்கொண்டிருந்திருக்கும். ஹெடர் இல்லாமல் வரும் எழுத்துக் கோரிக்கையையே இப்போது ஏற்பதில்லை.

முக்குக்கடை அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆள் மாறியிருந்தால் திரையில் இப்படிப் போடலாம் என்று எழுதியிருக்கிறேன்: "இந்தப் பக்கம் ஸ்டோர் கணக்கில் திறந்தது. இப்போது இந்த பிரவுசரில் இருப்பவர் பர்ச்சேஸ் மேனேஜர். நீங்கள் நிரப்பியது சேமிக்கப்படவில்லை, அழியவும் இல்லை." புரிகிறதா?

முக்குக்கடை கணினி மையம்

நன்றாகப் புரிகிறது தம்பி. கடைசி வாக்கியத்தை முதலில் போடுங்கள். அப்படி ஒன்று திரையில் வந்தால், ஒரு மணி நேரம் அடித்தது போய்விட்டதோ என்ற பயம்தான் முதலில் வரும். அந்தப் பயத்தில் எதையாவது அழுத்திவிடுவார்கள். இரண்டு பெயரையும் கொட்டை எழுத்தில் போடுங்கள், எங்களைப் போன்றவர்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மானிட்டரைப் பார்ப்போம்.